பேசும் குரங்கும் பேசா மனிதனும்

கலைப்படைப்பைத் திறனாய்வோர் பெரும்பாலும் படைத்தவர் கருதியது யாது என்றே நோக்குவர். கண்டவர் கொண்டது யாது என்பதை நோக்குவோர் சிலரே. நூலைப் பொறுத்தவரை இது பெருங்குறையன்று. படிப்பவன் தனியே இருந்து படிக்கிறான், அவன் உள்ளத்தில் நிகழ்வதை எவரும் அறியார். திரைப்படமோ அவ்வாறன்று. இருட்டறையில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே அமர்ந்து நகைக்கின்றனர், வியக்கின்றனர், சிலவிடத்து மூச்சடங்கி இருக்கின்றனர். அவர்தம் நகையும் வியப்பும் படத்தின் ஒரு பகுதியே எனல் மிகையன்று. இக்கருத்துக்குத் தக்க சான்றாக அமைவது 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ என்னும் அறிவியற் புனைவுப் படம்.

கதை பலரும் அறிந்ததே. விண்வெளி வீரர் மூவர் நெடுந்துயில் நீங்கி, அறியாத கோள் ஒன்றில் இறங்குகின்றனர். அங்கே ஆட்சி குரங்கினத்திடம் இருக்கிறது. கொரில்லாக்கள் படைவீரர், ஒராங்குட்டான்கள் சமயமும் நீதியும் காப்போர், சிம்பன்சிகள் ஆராய்ச்சியாளர். மனிதரோ பேச்சின்றிக் காட்டில் திரிந்து, வேட்டையாடப்பட்டுக் கூண்டில் அடைபடுகின்றனர். சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த டெய்லர் என்னும் வீரன் கழுத்தில் குண்டடி பட்டுக் குரலிழந்து பிடிபடுகிறான். பின்னர்க் குரல் மீண்டு அவன் வாய் திறக்கும்போது குரங்குக் கூட்டம் திடுக்கிட்டு நிற்கிறது. இறுதியில் கடற்கரையில் பாதி புதைந்து கிடக்கும் சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு, தான் நிற்பது தன் உலகமே என அறிந்து மண்டியிட்டு அழுகிறான். (நம் மொழியில் ‘குரங்கு’ என்னும் ஒரு சொல்லே வாலுள்ளதற்கும் வாலில்லாததற்கும் பொதுவாக வழங்குவதால், இக்கட்டுரையிலும் அதனையே ஆள்கின்றேன்.)

அன்று படம் பார்த்தோர் முதலில் வியந்தது ஒப்பனையையே. நடிகர் முகத்தில் ரப்பர்த் துண்டுகளை ஒட்டி, அவை சிரிக்கவும் சினக்கவும் வழி செய்த ஜான் சேம்பர்ஸுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. அதே 1968இல் வெளிவந்த மற்றொரு படமான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யிலும் ஆதிக்குரங்குகள் உண்டு. இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த அதன் ஆசிரியர் ஆர்தர் கிளார்க், தம் படத்துக் குரங்குகளை நடுவர்கள் மெய்யான குரங்குகள் என்றே எண்ணிவிட்டனர் போலும் என்று வேடிக்கையாக வருந்தினார். ஒப்பனை குறித்து வேறொரு செய்தியும் உண்டு. படப்பிடிப்பின் உணவு இடைவேளையில் கொரில்லா வேடமிட்டோர் கொரில்லாக்களோடும், சிம்பன்சி வேடமிட்டோர் சிம்பன்சிகளோடும் எவரும் சொல்லாமலே தனித்தனிக் கூட்டமாக அமர்ந்தனராம். நடித்தவர்களே பின்னாளில் இதனைக் கூறி வியந்துள்ளனர். முகமூடி மாட்டிய சில மணி நேரத்தில் பந்தி பிரிந்துவிட்டது! சாதிப் பந்திகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை.

ஒப்பனைக்கு அப்பால் சென்று பார்த்தோர் கறுப்பின மக்கள். புகழ்பெற்ற பாடகரும் நடிகருமான சாமி டேவிஸ் ஜூனியர், நிறப்பாகுபாட்டைப் பற்றித் தாம் கண்ட படங்களுள் இதுவே தலைசிறந்தது எனத் தயாரிப்பாளர் ஆர்தர் ஜேக்கப்ஸிடம் பாராட்ட, அவர் ஒன்றும் விளங்காமல் விழித்தார் என்பர். எடுத்தவர் அறியாததைக் கண்டவர் அறிந்தார். அடுத்தடுத்த படங்களில் எடுத்தவர்களும் அதனை உணர்ந்தே செய்தனர். 1972இல் வந்த நான்காம் படத்தில் குரங்குகள் மனிதர்க்கு அடிமைகள். சீசர் என்னும் சிம்பன்சி அவற்றைத் திரட்டிக் கிளர்ச்சி செய்கிறது. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் மூண்ட கறுப்பர் கிளர்ச்சியை நினைவூட்டும் வகையில் அக்காட்சிகள் அமைந்தன. வெளியீட்டுக்கு முன் பொதுமக்களுக்குத் திரையிட்டுப் பார்த்தபோது, வன்முறை மிகுந்த அம்முடிவு அவர்களைக் கலங்கச் செய்தது. விளைவு என்ன? மீண்டும் படமெடுக்கப் பணமில்லாமையால், சீசரின் கண்களை மட்டும் அண்மையில் காட்டி, நடிகர் ராடி மெக்டவாலின் குரலில் சமாதான உரை ஒன்றைச் சேர்த்து முடித்துவிட்டனர். பழிவாங்கப் புறப்பட்ட அடிமை பொறுமை பேசத் தொடங்கினான். பார்வையாளரின் அச்சம் ஒரு பாத்திரத்தின் வாய்ச்சொல்லையே மாற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

இனி, தமிழராகிய நாம் இப்படங்களை எவ்வாறு பார்க்கின்றோம் என்பதற்கு வருவோம்.

2011 தொடங்கி இப்படவரிசை புத்துயிர் பெற்றது. 2014, 2017, 2024ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்த படங்கள் வந்தன. ரப்பர் ஒப்பனை போய், நடிகரின் அசைவையும் முகபாவத்தையும் கருவிகளால் பதிந்து, கணிப்பொறியால் குரங்குருவம் ஆக்கும் முறை வந்தது. சீசராக நடித்த ஆண்டி செர்கிஸை உலகம் போற்றியது. கட்கியில் நம் அன்பர்களிடையேயும் இவை பேசப்பட்டன. இளைஞர் தொழில்நுட்பம் பேசினர். ‘போர் என்று தலைப்பிட்டுவிட்டுப் போரைக் காட்டவில்லையே’ என்று 2017ஆம் ஆண்டுப் படத்தின்மீது சிலர்க்கு மனக்குறை. முதியோரோ பேசும் குரங்கைக் கண்டு சிறிதும் திகைக்கவில்லை. ‘அனுமனைவிடவா இது பேசிவிடப் போகிறது?’ என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னிருந்து எழுந்து போயினர்.

அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மேனாட்டார்க்கு அதிர்ச்சி தந்த கூறு நமக்கு அதிர்ச்சி தருவதில்லை. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே அவர்கள் எழுப்பிய சுவர் நம் மரபில் அத்துணை உயரமானதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. மக்கள் ஆறறிவுடையர் என்று கூறிய ஆசிரியர், விலங்கினுள்ளும் ஒருசாரன அவ்வகையில் அடங்கும் என்கிறார். கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார் உரையாசிரியர் இளம்பூரணர். அவ்வளவோடு நில்லாமல், ‘மாக்கள்’ என்றொரு சாராரை விலங்கோடு சேர்த்து ஐயறிவுக்குள் தள்ளிவிடுகிறது அவ்விலக்கணம். அறிவுடைய குரங்கு, அறிவற்ற மனிதன் என்னும் இருவகையும் அவ்விடத்தே அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்று மார்தட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. அத்தகைய பெருமிதத்தால் நாம் இழந்ததே மிகுதி. நம் பார்வையாளன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதைக் காட்டவே கூறினேன். ‘மாக்கள்’ என்னும் சொல் நம் கையில் இருக்கிறது. அதனை யார்மீது எறிகிறோம் என்பதே கேள்வி.

கம்பனின் வாலியை நினைவு கூர்வோம். மறைந்திருந்து எய்த அம்பால் வீழ்ந்து கிடக்கும் வாலி, எய்தவனை நோக்கி வழக்குரைக்கிறான். விலங்காகிய எமக்கு மனிதரின் மணவொழுக்கம் பொருந்துமோ என்று கேட்கிறான். நன்றும் தீதும் அறிந்த நீ விலங்கென்று சொல்லித் தப்ப இயலாது என இராமன் மறுக்கிறான். அம்மறுமொழி நிறைவானதா என்று பட்டிமன்றங்களில் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறோம், அது வேறு. சாகும் தறுவாயில் உள்ள குரங்கு பாடல் பாடலாகப் பேசுகிறது, கடவுளாகப் போற்றப்படுபவன் நின்று கேட்டு விடையிறுக்கிறான் என்பதே ஈண்டு கருதத்தக்கது. அமெரிக்கப் படத்தின் நீதிமன்றக் காட்சியிலோ நிலைமை நேர்மாறு. மனிதனுக்குக் குரங்குச் சட்டத்தில் உரிமையில்லை என்று கூறி டெய்லரின் வாயை அடைத்துவிடுகின்றனர். பேச வல்லவன் என்று அறிந்த பின்னரும் அடைக்கின்றனர். அக்காட்சிக்கு வேறொரு பின்னணியும் உண்டு. ராட் செர்லிங்குடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய மைக்கேல் வில்சன், 1950களில் பொதுவுடைமையாளர் என்னும் ஐயத்தால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டுத் தம் பெயரில் எழுத இயலாதிருந்தவர். விசாரணை என்னும் பெயரால் வாயடைக்கப்படுதல் எத்தகையது என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை.

இத்துணைச் சிறப்பிருந்தும் அப்படத்தின்மீது எனக்கு ஒரு குறையுண்டு. அதனைக் கூற, மூலநூலுக்குச் செல்ல வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1963இல் எழுதிய புதினத்தின் தலைவன் யுலிஸ் மெரூ என்னும் இதழாளன். அவன் கழுத்தில் குண்டு பாயவில்லை. அவன் குரல் நன்றாகவே இருக்கிறது. அவன் பேசுவது பிரெஞ்சு. குரங்குகள் பேசுவது குரங்கு மொழி. அவன் என்ன சொன்னாலும் அவற்றுக்கு அது விலங்கின் ஒலியே. வேறு வழியின்றி வடிவியல் உருவங்களை வரைந்து காட்டி, தான் அறிவுடையவன் என்பதை ஸீரா என்னும் பெண் சிம்பன்சிக்கு உணர்த்துகிறான். ஸீரா அவனுக்குத் தன் மொழியைக் கற்பிக்கிறாள். தானும் அவனிடம் பிரெஞ்சு கற்கிறாள். இறுதியில் குரங்குப் பேரவையின் முன் அவர்கள் மொழியிலேயே உரையாற்றித் தன் விடுதலையைப் பெறுகிறான்.

படம் எடுத்தவர்களோ குரங்குகளையும் ஆங்கிலம் பேச வைத்துவிட்டனர். காண்போர்க்கு எளிதாக இருக்கட்டும் என்பது காரணமாகலாம். அதனால் தலைவன் ஊமையாய்த் தோன்ற ஒரு புண் தேவைப்பட்டது. புண் ஆறியதும் பேச்சு வந்துவிடுகிறது, சிக்கல் தீர்ந்தது. புதினத்தின் மிக நுண்ணிய பகுதி இங்கே கைநழுவிப் போயிற்று. குரலற்றவன் வேறு, மொழியறியாதவன் வேறு. முன்னவனுக்கு மருந்து வேண்டும். பின்னவனுக்கு எதிரில் இருப்பவன் செவி கொடுக்க வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் நாம் இவ்வேறுபாட்டை நூலின்றியே அறிவோம். 1869இல் அமைந்த கட்கி அம்யூனிஷன் ஃபேக்டரியையும் இராணுவக் கிடங்குகளையும் பணிமனைகளையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! தொழிற்சாலைக்குள் ஆடவர்க்கு ஓரளவு இந்தியும் உடைந்த ஆங்கிலமும் கைகொடுத்தன. பெண்களுக்கு எது கைகொடுத்தது? என் தாய் இங்கு வந்த புதிதில் கடையில் பொருளை விரலால் சுட்டிக் காட்டியே வாங்குவார். ‘முகீ’ என்று கடைக்காரர் தம் ஆளிடம் சொன்ன சொல்லுக்கு ஊமைப்பெண் என்று பொருள் எனப் பின்னரே அவர் அறிந்தார். ஊரில் தெருவையே பேசி ஆண்டவர் அவர்! 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றித் தென்னாட்டார்க்கு எதிராக முழங்கியதும், ‘மதராசி’ என்னும் சொல் கல்லெறி போல் விழுந்ததும் இங்குள்ள முதியோர் நினைவில் உண்டு. ஆயினும் பக்கத்து வீட்டு மராத்திய மூதாட்டி ஒருவர், நாங்கள் ‘மாவ்ஷி’ என்றழைப்போம், சுவருக்கு அப்பாலிருந்து என் தாய்க்கு ஒவ்வொரு சொல்லாக மராத்தி கற்பித்தார். ‘போதும்’, ‘சாப்பிட்டாச்சா’ என்பன அவர் கற்றுக்கொண்ட தமிழ். ஸீராவைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அவரே.

பியேர் பூலும் புலம்பெயர்ந்தவரே. பொறியியல் படித்த அவர் 1936இல் மலேயாவுக்குச் சென்று ரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றினார். அக்காலத்து மலேயாவின் பால்மரக் காடுகளில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழரே என்பதை நாம் மறத்தலாகாது. கூண்டிலிருந்த கொரில்லாக்களின் முகபாவங்களே இப்புதினத்துக்கு வித்தாயின என்பது அவர் கூற்று. அதனை மறுத்து நான் தொடர்பு எதையும் கற்பிக்கவில்லை. ஆயினும் ஓர் இனம் ஆள, மற்றோர் இனம் உழைக்க, இடையே மொழிச்சுவர் நின்ற ஓர் உலகில் அவர் வாழ்ந்தவர் என்பதைப் பக்கத்தில் வைத்தே இந்நூலைப் படிக்கின்றேன். அத்தோட்டங்களின் ஐரோப்பிய மேலாளர்கள் தமிழ் கற்றனர். அதற்கெனத் தேர்வும் உண்டு. ஆனால் எத்தகைய தமிழ்? இலங்கை, மலேயாத் தோட்டத்துரைமார்க்காக எழுதப்பட்ட பாடநூல் ஒன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’. வா, போ, வெட்டு, எடு என்னும் ஏவல்களே அதன் உயிர்நாடி. உழைப்பவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காகக் கற்ற மொழியன்று அது. ஸீரா கற்ற பிரெஞ்சுக்கும் துரைமார் கற்ற தமிழுக்கும் உள்ள தொலைவு இதுவே.

பூலின் மற்றொரு புகழ்பெற்ற நூல் ‘குவாய் ஆற்றுப் பாலம்’. 1957இல் அது படமாயிற்று. இலங்கையின் கித்துல்கலைக் காடுகளில் எடுக்கப்பட்ட அப்படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் விருதும் கிட்டியது. எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மேற்சொன்ன மைக்கேல் வில்சனும். இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால் விருது பூலின் பெயரில் வழங்கப்பட்டது. வில்சன் 1978இல் மறைந்த பின்னரே அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் அப்படத்தில் பெயரிழந்தோர் எழுத்தாளர் இருவர் மட்டுமல்லர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இருப்புப்பாதையில் வெள்ளைக் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர், மலேயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோருள் தமிழர் மிகப் பலர், பல்லாயிரவர் திரும்பவில்லை. படத்தில் அவர்களைத் தேடினால் காண இயலாது. நம் கட்கியிலுள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு வீரன் பெயரும் கல்லில் இருக்கிறது. காஞ்சனபுரியிலும் கைதிகளின் பெயர்கள் அவ்வாறே உள்ளன. தமிழ்க் கூலிகளுக்கோ காடே கல்லறை. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினத்தை எழுதியிராவிடில் அவர்கள் நம் இலக்கியத்திலும் ஊமைகளாகவே கிடந்திருப்பர்.

ஆகவேதான் புதிய படவரிசையில் என்னை நிமிர்ந்து அமரச் செய்த காட்சி 2011ஆம் ஆண்டுப் படத்தின் அந்த ஒற்றைச் சொல். மின்கோலால் தன்னைத் துன்புறுத்தும் காவலனின் கையைப் பற்றி நிறுத்திச் சீசர் முதன்முறையாக வாய் திறக்கிறது. ‘நோ!’ அதுவரை இசையும் இரைச்சலுமாக இருந்த காட்சி சட்டென்று அடங்குகிறது. 1968இல் மனிதன் பேசக் கேட்டுக் குரங்குகள் திகைத்தன. இங்கே குரங்கு பேசக் கேட்டு மனிதர் திகைக்கின்றனர். இச்சொல்லின் வரலாறு பழையது. 1971ஆம் ஆண்டுப் படத்தில், அடிமைக்குரங்கு முதலிற் பேசிய சொல் எது என்று கார்னீலியஸ் கூறுமிடம் உண்டு. மனிதரிடமிருந்து அது எண்ணற்ற முறை கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லாம். 1972ஆம் ஆண்டுப் படம் திரையரங்குகளில் வெளிவந்த வடிவில் அச்சொல்லை லிசா என்னும் பெண்குரங்கு சொல்கிறது. ஆனால் யாரை நோக்கி? ஆண்டையை நோக்கியன்று, பழிவாங்க ஓங்கிய தன் இனத்தாரின் கையை நோக்கி. எதிர்ப்புக்காகப் பிறந்த சொல்லை அடக்கத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டனர். 2011இல் அச்சொல் தனக்குரிய இடத்துக்கு மீண்டது என்பேன்.

இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? இது மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டுமன்றி நமக்கும் உரிய வினா. நம் பிள்ளைகள் இப்படங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பார்க்கின்றனர். ஊரிலிருந்து வரும் பாட்டி அவர்கள் நடுவே வாய்மூடி அமர்ந்திருக்கும் வீடுகள் கட்கியில் உண்டு. எல்லாம் பேசி ஓய்ந்த வாய், பெயரனிடம் மட்டும் ‘முகீ’ ஆகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டுப் படத்தில் நோயால் பேச்சிழந்த சிறுமிக்கு மாரிஸ் என்னும் ஒராங்குட்டான் கைச்சைகை மொழியைக் கற்பிக்கும் காட்சி மெதுவாகச் செல்கிறது என்று குறைபட்ட அன்பர்கள், தம் வீட்டுக் கூடத்தையும் ஒருமுறை நோக்கியிருக்கலாம்.

ஆங்கிலத்தின் ‘நோ’வுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை, பல உண்டு. இல்லை, வேண்டாம், முடியாது, கூடாது, மாட்டேன். ‘இல்லை’ இருப்பை மறுக்கிறது. ‘வேண்டாம்’ விருப்பை மறுக்கிறது. ‘முடியாது’ என்பதில் ஆற்றலின்மை தொனிக்கிறது. ‘கூடாது’ அறத்தைச் சுட்டுகிறது. எனினும் அது அடிமைக்கு ஆண்டை சொல்லும் சொல்லாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. எஞ்சியது ‘மாட்டேன்’. ஐந்தனுள் அது ஒன்றே தன்மை விகுதி பெற்று, சொல்பவன் ‘நான்’ என்பதைத் தன்னுள் கொண்டிருக்கிறது. கூலித் தமிழில் இடம்பெறாத சொல். சீசரின் வாய் ஒருமுறை திறந்து குவிந்து அடங்குகிறது. ஈரசையுள்ள ‘மாட்டேன்’ அவ்வுதடசைவில் அடங்காது என்பர் குரல்சேர்ப்புத் தொழில் அறிந்தோர். அடங்காவிட்டால் என்ன? உதடு சற்றுப் பிசகினும் அச்சொல்லையே கேட்க விழைகின்றேன்.